ஜிம் கிரே: டேட்டாபேஸை பத்திரப்படுத்தக் கற்றுக்கொடுத்தவர் கடலில் காணாமல் போன கதை

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற கோட்டைக்குப்பத்தில் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு முறையைப் பின்பற்றுகிறார்கள். பெயர் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் பாடு உரிமை உள்ளவர்கள் மட்டும், முறை வைத்து, ஏரியின் குறிப்பிட்ட இடங்களில் வலை போடுவார்கள். எந்த நாளில், எந்த இடம், யாருக்கு என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். ஒருவருடைய முறை நடக்கும்போது இன்னொருவர் அதே இடத்தில் வலை போட முடியாது. போட்டால் சண்டைதான்.

ஒரே இடம், நிறைய பேர், யாருக்கும் நஷ்டம் வரக்கூடாது. இதே சிக்கல் 1970-களில் கம்ப்யூட்டர் உலகத்துக்கும் வந்தது. ஒரே டேட்டாபேஸில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கை வைத்தால் கணக்கு எப்படிச் சரியாக இருக்கும்? நடுவில் கரன்ட் போனால் என்ன ஆகும்? ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை நிறுத்தாமல் அப்படியே ஒரு நகல் எடுக்க முடியுமா?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடியதில் முக்கியமானவர் ஜிம் கிரே. ஆபீஸில் யாராவது டேட்டாபேஸை குளோன் பண்ணிக் கொடுங்க என்று கேட்டு, அது சிக்கல் இல்லாமல் நடந்து முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் இவருடைய உழைப்பு இருக்கிறது. தரவு தொலையாமல் இருக்க வழி சொன்ன அந்த மனிதர், 2007-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போனார். இன்றுவரை ஒரு தடயம்கூடக் கிடைக்கவில்லை.

யார் இந்த ஜிம் கிரே?

முழுப்பெயர் ஜேம்ஸ் நிக்கோலஸ் கிரே. 1944 ஜனவரி 12-ம் தேதி அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தார். அப்பா ராணுவத்தில் இருந்ததால் குழந்தைப் பருவத்தின் முதல் சில வருடங்கள் இத்தாலியின் ரோம் நகரத்தில் கழிந்தன. அதனால் ஆங்கிலத்துக்கு முன்பே இத்தாலிய மொழி பேசக் கற்றுக்கொண்டார். பெற்றோர் பிரிந்த பிறகு, ஆசிரியையான அம்மாவோடு மீண்டும் சான் ஃபிரான்சிஸ்கோ வந்தார். அந்த அம்மாதான் இந்தக் கதையின் கடைசிப் பகுதியிலும் வரப்போகிறார்.

விமானப்படை அகாடமிக்கு விண்ணப்பித்தார், இடம் கிடைக்கவில்லை. 1961-ல் பெர்க்லியில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1966-ல் பட்டம், கொஞ்ச காலம் பெல் லேப்ஸில் வேலை, பிறகு திரும்பவும் பெர்க்லி. 1969-ல் முனைவர் பட்டம் வாங்கினார். பெர்க்லியின் கம்ப்யூட்டர் சயின்ஸ் துறை கொடுத்த முதல் முனைவர் பட்டம் அதுதான்.

அடுத்து ஐபிஎம். அங்கேதான் அவருக்கு உண்மையான வேலை காத்திருந்தது.

பூட்டு போடச் சொன்னவர்

1970-ல் ஐபிஎம் ஆராய்ச்சியாளர் எட்கர் காட் ஒரு கட்டுரை எழுதினார். தரவை எல்லாம் அட்டவணைகளாக வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். இன்றைக்கு எஸ்.க்யூ.எல். தெரிந்த எல்லோரும் அந்த அட்டவணைகளோடுதான் புழங்குகிறார்கள். ஆனால் அது அப்போது வெறும் கணிதம். நிஜ கம்ப்யூட்டரில் அது ஓடுமா என்று பார்க்க, சான் ஹோசேயில் ஐபிஎம் தொடங்கிய திட்டம்தான் சிஸ்டம் ஆர். கிரே அந்தக் குழுவில் இருந்தார்.

அட்டவணையைத் தேடுவது, சேர்ப்பது எல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். பல பேர் ஒரே நேரத்தில் வேலை செய்தால் என்ன ஆகும், நடுவில் மெஷின் விழுந்தால் எப்படி எழுப்புவது என்ற பகுதி கிரேயிடம் வந்தது.

1976-ல் கபாலி ஈஸ்வரன், கிரே, ரேமண்ட் லோரி, இர்விங் டிரைகர் ஆகிய நால்வரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் பெயர் ஈஸ்வரனுடையது. அதில் சொன்ன விதி எளிமையானது. ஒரு வேலைக்குத் தேவையான பூட்டுகளை எல்லாம் முதலில் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பூட்டைத் திறந்துவிட்டால், அதற்குப் பிறகு புதிதாக எந்தப் பூட்டும் வாங்கக்கூடாது. இந்த ஒழுங்கை எல்லோரும் கடைப்பிடித்தால், ஆயிரம் பேர் ஒன்றாக வேலை செய்தாலும் ஒருவர் பின் ஒருவராகச் செய்தது போலவே கணக்கு வரும்.

பூட்டு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதையும் கிரே யோசித்தார். முழு அட்டவணையையும் பூட்டினால் மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் தனிப் பூட்டு போட்டால் பூட்டுகளைக் கவனிப்பதே பெரிய வேலையாகிவிடும். தேவைக்கு ஏற்ப பெரிய பூட்டும் சின்னப் பூட்டும் கலந்து போட அவர்கள் வழி சொன்னார்கள். ஏரி முழுவதையும் ஒருவருக்குக் கொடுக்காமல், இடம் இடமாகப் பிரித்து முறை வைப்பது போலத்தான் இதுவும்.

டிரான்ஸாக்‌ஷன்: முழுசா நடக்கணும், இல்லேன்னா நடக்கவே கூடாது

கிரேயின் பெயரோடு சேர்ந்தே சொல்லப்படும் வார்த்தை டிரான்ஸாக்‌ஷன். ஒரு மீன் வியாபாரி, அதே வங்கியில் கணக்கு வைத்திருக்கும் மீனவருக்கு 5,000 ரூபாய் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதில் இரண்டு வேலைகள் உண்டு. வியாபாரி கணக்கில் 5,000 குறைய வேண்டும், மீனவர் கணக்கில் 5,000 கூட வேண்டும். முதல் வேலை முடிந்து, இரண்டாவது நடக்கும் முன் சர்வர் நின்றுபோனால்? பணம் காற்றில் போய்விடும்.

டிரான்ஸாக்‌ஷன் என்றால் இந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது. மூட்டை முழுசாகப் போய்ச் சேரும், இல்லையென்றால் கிளம்பவே கிளம்பாது. பாதியில் நிற்பது என்ற பேச்சே கிடையாது. முடிந்துவிட்டது என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அடுத்த நொடி கரன்ட் போனாலும் அது அழியக்கூடாது.

இது எப்படி முடியும்? கிரே போன்றவர்கள் கையாண்ட வழி, கணக்குப்பிள்ளையின் நாளேடு மாதிரி. அசல் கணக்கில் கை வைக்கும் முன்பு, என்ன மாற்றப் போகிறோம் என்பதை லாக் என்ற தனிக் கோப்பில் எழுதிவிட வேண்டும். சர்வர் விழுந்து எழுந்ததும் முதலில் லாகைப் படிக்கும். முடிந்த வேலைகளைத் திரும்பச் செய்யும், பாதியில் நின்றவற்றை அழிக்கும். 1978-ல் கிரே எழுதிய நீண்ட குறிப்புகளில், லாக், பூட்டு, பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து ஒரே முடிவுக்கு வரும் இரண்டு கட்ட முறை எல்லாம் ஒரே இடத்தில் விளக்கப்பட்டன. அந்தத் துறைக்கு வந்தவர்கள் பல வருடங்கள் அதைத்தான் பாடப் புத்தகம் போலப் படித்தார்கள்.

இந்த லாக் முறையை இன்னும் கச்சிதமாக்கியவர்களில் சென்னை ஐஐடியில் படித்த சி.மோகனுக்கு முக்கிய இடம் உண்டு. ஐபிஎம்மில் அவரும் சக ஆராய்ச்சியாளர்களும் உருவாக்கிய ஏரீஸ் என்ற முறை 1992-ல் விரிவாக வெளியானது. இன்றைய பல டேட்டாபேஸ்களில் அதன் சாயலைப் பார்க்கலாம்.

ஓடுகிற டேட்டாபேஸை நகல் எடுப்பது ஏன் கஷ்டம்?

இப்போது குளோனுக்கு வருவோம். ஒரு கோப்பை காப்பி பண்ணி, பக்கத்திலேயே பேஸ்ட் பண்ணுவது போல டேட்டாபேஸையும் எடுத்தால் என்ன?

காப்பி எடுக்க ஒரு மணி நேரம் ஆகிறது, காலை 10 மணிக்குத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வியாபாரியின் கணக்கு இருக்கும் பக்கம் 10.05-க்கு காப்பி ஆகிறது. 10.20-க்கு அவர் 5,000 ரூபாய் அனுப்புகிறார். மீனவரின் கணக்கு இருக்கும் பக்கம் 10.40-க்கு காப்பி ஆகிறது. இப்போது நகலைத் திறந்து பாருங்கள். வியாபாரியிடம் பணம் குறையவில்லை, மீனவரிடம் பணம் கூடியிருக்கிறது. இல்லாத 5,000 ரூபாய் நகலில் முளைத்துவிட்டது. அசல் சரி, நகல் பொய்.

இதைக் காப்பாற்றுவதும் லாக்தான். காப்பி எடுத்த ஒரு மணி நேரத்தில் என்னென்ன மாறியது என்று லாகில் வரிசையாக இருக்கும். காப்பியோடு அந்த லாகையும் எடுத்துக்கொண்டு, நகலின் மேல் திரும்ப ஓட்டினால் போதும். வியாபாரியின் பக்கம் பழையது என்பதால் அதில் 5,000 குறைக்கப்படும். மீனவரின் பக்கத்தில் அந்த மாற்றம் ஏற்கெனவே வந்துவிட்டது என்பது பக்கத்தில் இருக்கும் வரிசை எண்ணைப் பார்த்தாலே தெரியும், அதனால் அது தொடப்படாது. காப்பி முடிந்த நேரத்தில் அரைகுறையாக இருந்த டிரான்ஸாக்‌ஷன்கள் நீக்கப்படும். கணக்கு நேராகிவிடும். ஒரு நொடிகூட அசலை நிறுத்த வேண்டியதில்லை.

இன்று மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வரில் பேக்கப் எடுத்து அதே சர்வரில் வேறு பெயரில் ரீஸ்டோர் செய்தாலும், ஆரக்கிளில் டூப்ளிகேட் கட்டளை கொடுத்தாலும், உள்ளே நடப்பது கிட்டத்தட்ட இதுதான். போஸ்ட்கிரஸில் ஏற்கெனவே உள்ள டேட்டாபேஸை அச்சாக வைத்துப் புதியதை உருவாக்கும் வசதி உண்டு. ஆனால் அந்த நேரத்தில் அசலில் வேறு யாரும் இணைந்திருக்கக்கூடாது. அதாவது நிறுத்தி வைத்து எடுக்கும் நகல் அது.

கம்ப்யூட்டர் ஏன் நின்றுபோகிறது?

1980-ல் கிரே ஐபிஎம்மை விட்டு டேண்டம் என்ற நிறுவனத்துக்குப் போனார். எந்த ஒரு பாகம் கெட்டாலும் நிற்காமல் ஓடும் கம்ப்யூட்டர்களைத் தயாரித்த நிறுவனம் அது. எல்லாப் பாகங்களும் இரட்டையாக இருக்கும், ஒன்று போனால் இன்னொன்று. பிறகு எதனால் நிற்கிறது? கிரே, வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த பழுது அறிக்கைகளை எடுத்து வைத்து எண்ணினார்.

1985-ல் அவர் வெளியிட்ட முடிவு பலரையும் யோசிக்க வைத்தது. ஹார்டுவேர் கெட்டுப்போவது பட்டியலில் கீழேதான் இருந்தது. முதலிடத்தில் இருந்தது நிர்வாகத் தவறுகள். 40 சதவீதத்துக்கு மேல், ஆட்கள் பராமரிக்கும்போதும், இயக்கும்போதும், அமைப்பை மாற்றும்போதும் வந்த கோளாறுகள். அடுத்து சாஃப்ட்வேர் பிழைகள்.

அதே சர்வரில் குளோன் எடுக்கும் வேலைக்கு இந்த முடிவு அப்படியே பொருந்தும். அசலும் நகலும் பக்கத்து பக்கத்து வீடு. கோப்புகளின் பெயரையோ இடத்தையோ மாற்ற மறந்தால், நகல் போய் அசலின் மேலேயே உட்கார்ந்துவிடும் ஆபத்து இருக்கிறது. டேட்டாபேஸ் மென்பொருள் பெரும்பாலும் பெயர் மோதுகிறது என்று எச்சரித்து நிறுத்திவிடும். ஆனால் அவசரத்தில் அந்தப் பரிசோதனையை அணைத்துவிட்டு ஓட்டுபவர்களும், இருப்பதன் மேலேயே எழுதிவிடு என்று கட்டளை கொடுப்பவர்களும் உண்டு. அங்கே கெடுவது மெஷின் இல்லை, ஆள்.

இன்னும் சில விஷயங்களும் கவனிக்க வேண்டியவை. குளோனுக்குள் சேர்ந்து வந்த ஷெட்யூல் வேலைகளை நிறுத்தாவிட்டால், டெஸ்ட் டேட்டாபேஸிலிருந்து நிஜ வாடிக்கையாளர்களுக்கு எஸ்.எம்.எஸ். போகும். வேறு டேட்டாபேஸோடு இருக்கும் இணைப்புகள் அப்படியே இருந்தால், டெஸ்ட்டில் அழித்தது நிஜத்திலும் அழியும். வாடிக்கையாளர்களின் போன் நம்பர், முகவரி எல்லாம் குளோனிலும் அப்படியே இருக்கும். அவற்றை மறைக்காமல் டெவலப்பர்களிடம் கொடுப்பது, 2023-ல் இந்தியா கொண்டுவந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பார்வையிலும் சிக்கல்தான். டிஸ்க், மெமரி எல்லாவற்றையும் இரண்டு டேட்டாபேஸும் பங்கு போட்டுக்கொள்வதால் அசல் மெதுவாகிவிடவும் கூடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று. அதே சர்வரில் இருக்கும் குளோன் பேக்கப் ஆகாது. சர்வர் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

நகல் கூடினால் பாதுகாப்பு கூடுமா?

அப்படியானால் பத்து ஊரில் பத்து சர்வரில் நகல் வைத்து, எங்கு வேண்டுமானாலும் மாற்றலாம் என்று விட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? 1996-ல் கிரே மூன்று பேரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை இதற்குத்தான் பதில் சொன்னது. அப்போது அவர் மைக்ரோசாஃப்டில் இருந்தார். இடையில் 1990 முதல் 1994 வரை டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் வேலை பார்த்தார்.

எல்லா நகல்களையும் எல்லோரும் மாற்றலாம் என்று விட்டால், ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து எல்லோரும் முடங்கிப்போகும் நிலை வரும். நகல்கள் 10 மடங்கு ஆனால், அந்த முடக்கம் 1,000 மடங்கு ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இரண்டு சர்வரில் செய்து பார்க்கும் டெமோவில் எல்லாம் அழகாக ஓடும். பெரிதாக்கும்போதுதான் உடையும். ஒவ்வொரு தரவுக்கும் ஒரு தலைமை நகல் இருக்க வேண்டும், மாற்றங்களை அதுதான் உறுதி செய்ய வேண்டும் என்பது அவர்கள் சொன்ன தீர்வின் அடிப்படை. மேல் நகல், கீழ் நகல் என்று பிரித்து வைக்கும் இன்றைய ஏற்பாடுகளைப் பார்த்தால், அந்த எச்சரிக்கையின் நியாயம் புரியும்.

1998-க்கான டூரிங் விருது கிரேக்குக் கிடைத்தது. கம்ப்யூட்டர் உலகின் நோபல் என்று சொல்லப்படும் விருது அது.

பூமியும் வானமும் ஒரே டேட்டாபேஸில்

அவர் ஓய்ந்து உட்காரவில்லை. கூகுள் எர்த் வருவதற்குப் பல வருடங்கள் முன்பே, 1998-ல், வானிலிருந்து எடுத்த பூமியின் படங்களை இணையத்தில் பார்க்கும் டெர்ராசர்வர் திட்டத்தை முன்னின்று நடத்தினார். யார் வேண்டுமானாலும் தங்கள் தெருவை மேலிருந்து பார்க்கலாம் என்பது அப்போது அதிசயம். வானியல் அறிஞர் அலெக்ஸ் சாலேயோடு சேர்ந்து, தொலைநோக்கி எடுத்த வானத்தின் தரவுகளை எல்லோரும் தேடிப் பார்க்கும் ஸ்கைசர்வர் என்ற தளத்தையும் 2001-ல் கொண்டுவந்தார்.

2007 ஜனவரி 11-ம் தேதி கலிபோர்னியாவில் ஓர் உரை நிகழ்த்தினார். சோதனை, கோட்பாடு, கம்ப்யூட்டர் மாதிரி என்ற மூன்று வழிகளுக்கு அடுத்து, குவியும் தரவிலிருந்தே அறிவியல் பிறக்கும் நான்காவது வழி வந்துவிட்டது என்பது அந்த உரையின் சாரம். டேட்டா சயின்ஸ் என்ற வார்த்தை ஒவ்வொரு வேலை விளம்பரத்திலும் வருவதற்கு முன்னாலேயே சொன்னது.

அதற்கு 17 நாட்கள் கழித்து அவர் காணாமல் போனார்.

அம்மாவின் அஸ்தியோடு கிளம்பிய படகு

2007 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை. 63 வயது கிரே, டெனேசியஸ் என்ற 40 அடி பாய்மரப் படகில் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து தனியாகக் கிளம்பினார். சுமார் 43 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஃபாரலான் தீவுகள் பக்கம் போய், சில மாதங்கள் முன்பு இறந்த அம்மாவின் அஸ்தியைக் கரைத்துவிட்டு அன்றே திரும்புவது திட்டம். படகு ஓட்டுவதில் பல வருட அனுபவம் உள்ளவர். வானிலையும் மோசம் இல்லை.

இரவாகியும் அவர் திரும்பவில்லை. மனைவி தகவல் கொடுத்தார். அமெரிக்கக் கடலோரக் காவல்படை விமானங்கள், ஹெலிகாப்டர்கள், கப்பல்கள் என்று நான்கு நாள் தேடியது. உதவி கேட்டு ரேடியோ அழைப்பு வந்திருக்கவில்லை. ஒரு பலகை, ஒரு மிதவை, எண்ணெய்ப் படலம் எதுவும் கிடைக்கவில்லை.

அதிகாரபூர்வத் தேடல் நின்றதும் நண்பர்கள் இறங்கினார்கள். செயற்கைக்கோள் கடலைப் படம் எடுத்தது, நாசாவின் விமானமும் பறந்தது. அந்தப் படங்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி அமேசானின் இணையதளத்தில் போட்டார்கள். உலகின் பல மூலைகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டில் உட்கார்ந்தபடி, துண்டு துண்டாகப் படகைத் தேடினார்கள். பூமியின் படங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டவரை, அதே மாதிரிப் படங்களில் தேட வேண்டிய நிலை. பிப்ரவரி நடுவில் அந்தத் தேடலும் நின்றது. பிறகு கடலடியில் தேடியும் பலன் இல்லை.

கடல்புறத்துக் குடும்பங்களுக்கு இந்த நிலை புதிதல்ல. உடல் கிடைக்காத வீட்டில் துக்கம் முடியாது, பேப்பர் வேலையும் முடியாது. இந்தியாவில் ஒருவரைப் பற்றி 7 ஆண்டுகள் எந்தத் தகவலும் இல்லை என்றால்தான் பொதுவாகச் சட்டம் அவர் இறந்ததாகக் கருதும். வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ், வாரிசு உரிமை எல்லாம் அதுவரை இழுபறிதான். 2017 ஒக்கி புயலில் காணாமல் போன குமரி மாவட்ட மீனவர்களின் குடும்பங்கள் சந்தித்த பெரிய சிக்கல்களில் இதுவும் ஒன்று. கிரேயின் விஷயத்திலும் அமெரிக்க நீதிமன்றம் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தது 2012-ல்தான். ஐந்து வருடங்கள் அவர் சட்டப்படி இருக்கவும் இல்லை, இல்லாமலும் இல்லை. முடிந்ததா, முடியவில்லையா என்று தெரியாத நிலை எந்தக் கணக்கிலும் இருக்கக்கூடாது என்று வாழ்நாள் முழுக்க உழைத்தவருக்கு இப்படி ஒரு முடிவு.

என்ன மிச்சம்?

நினைவுக்கூட்டம் 2008 மே மாதம் அவர் படித்த பெர்க்லியில் நடந்தது. உடன் வேலை பார்த்தவர்கள் அவருடைய ஆய்வுகளோடு, இளம் ஆராய்ச்சியாளர்களுக்கு அவர் ஒதுக்கிய நேரத்தையும் நினைவுகூர்ந்தார்கள். கடைசி உரையை மையமாக வைத்து 2009-ல் ஒரு புத்தகமும் வந்தது.

அவருடைய வேலை மிச்சம் இருக்கும் இடம் ரொம்பப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஏடிஎம்மில் பணம் வருவதற்குள் கரன்ட் போனாலும் கணக்கு குழம்பாமல் இருப்பது, ஒரே ரயில் சீட் இரண்டு பேருக்குப் போகாமல் இருப்பது, ஓடுகிற டேட்டாபேஸிலிருந்து பொய் சொல்லாத ஒரு நகல் கிடைப்பது, இதெல்லாம் அந்த நாளேடும் பூட்டும் செய்யும் வேலை.

அடுத்த முறை குளோன் எடுக்கும் முன் மூன்று விஷயங்களைச் சரிபார்த்தால் போதும். கோப்புகளின் பெயரும் இடமும் மாறியிருக்கிறதா? குளோனிலிருந்து வெளியே போகும் வேலைகளும் இணைப்புகளும் நிறுத்தப்பட்டிருக்கிறதா? இந்த சர்வரைத் தாண்டி வேறு எங்காவது ஒரு பேக்கப் இருக்கிறதா, அதை ஒருமுறையாவது ரீஸ்டோர் செய்து பார்த்திருக்கிறோமா? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை என்றால், குளோனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த பேக்கப்பை எடுங்கள்.